மகிழுந்தின் மூப்பு

பொருள்கள் மூப்படைகின்றன என்று பொதுவாகச் சொல்லுகிறோம். ஆயினும் மூப்பு என்பது ஒரு நிகழ்வன்று, பல நிகழ்வுகளுக்கு நாம் சேர்த்து இட்டிருக்கும் ஒரு பெயரே. அம்மியின் முதுகு பள்ளமாவதும், கிணற்றுக் கயிறு புரிபுரியாக இற்றுப்போவதும், கடற்கரை வீட்டின் பலகணிக் கம்பி துருவேறுவதும், பழந்தோற்பை விறைத்து வெடிப்பதும் மூப்பே எனினும், அவற்றை உண்டாக்கும் கரணியங்கள் வேறு, அவை வளரும் விரைவு வேறு, அவற்றுக்குரிய மருந்தும் வேறு. தமிழ் இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்திருக்கிறது. தேய்தல், இறுதல், துருவேறுதல், இறுகுதல் என நான்கு வினைச்சொற்களை அது நமக்கு வைத்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் இட்டால் பேச்சே பிழைபட்டுவிடும். உழவரும் தச்சரும் கொல்லரும் வழங்கிய இந்நான்கு சொற்களைக் கொண்டே, இன்றைய பொறியியலின் ஒரு கேள்வியைத் தெளிவுற ஆராய இயலும் என்பது என் துணிபு. நெடுந்தொலைவு ஓடி மூத்த மகிழுந்தைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, விடுத்துப் புதியது கொள்வதா என்பதே அக்கேள்வி.

விடை தேடுவோர் முதலில் நோக்குவது தொலைவளவியை. அக்கருவி காட்டும் எண்ணே ஊர்தியின் அகவையாகக் கொள்ளப்படுகிறது. 2,00,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதென்றால் “ஓடித் தீர்ந்த வண்டி” என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. ஆனால் தொலைவளவி சொல்வது சில்லுகள் எவ்வளவு உருண்டன என்பதை மட்டுமே. அமெரிக்காவின் நியூயார்க்குப் பகுதியில் வாழ்ந்த அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன், 1966ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய வோல்வோ மகிழுந்து, 2013ஆம் ஆண்டில் 30,00,000 மைலைக் கடந்தது. நம் அளவில் அது 48,00,000 கிலோமீட்டருக்கும் மேல். நம் தெருக்களிலோ 60,000 கிலோமீட்டரிலேயே பொறி நைந்துபோன ஊர்திகளும் உண்டு. எண் ஒரே பொருளைத் தராதபோது, எண்ணுக்குப் பின்னால் நிற்கும் நிகழ்வுகளைத்தான் தேடிச் செல்லவேண்டும்.

முதலாவது தேய்தல். ஒன்றோடொன்று உரசும் இரு பரப்புகளிலிருந்து பருப்பொருள் துகள்துகளாக நீங்குவது தேய்வு எனப்படும். 1953ஆம் ஆண்டு ஆர்ச்சர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் இதற்கு ஒரு நெறி வகுத்தார். நீங்கும் பொருளின் அளவு, அழுத்தும் சுமைக்கும் உரசிய தொலைவுக்கும் ஏற்ப மிகும். பரப்பின் வன்மைக்கு ஏற்பக் குறையும். தொலைவு இந்நெறியில் இடம்பெறுவது உண்மையே. ஆனால் அது சாலையின் தொலைவன்று; இரு பரப்புகளும் உண்மையாகவே தொட்டுக்கொண்டு உரசிய தொலைவு. மகிழுந்துப் பொறியின் உள்ளே உருளையில் மேலும் கீழும் ஓடுவது, பட்டறையில் பிசுட்டன் எனப்படும் ஆடுதண்டு. அவ்வோட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது வணரித்தண்டு. வணர் என்பது வளைவைக் குறிக்கும் பழஞ்சொல். யாழின் வளைந்த கோட்டுக்குச் சங்கப் புலவர் வழங்கியது. வளைந்து வளைந்து செல்லும் அவ்வெஃகுத் தண்டுக்கு அதனினும் பொருந்திய பெயர் வேறு மொழியில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பொறி முறையாக ஓடும்போது இவ்வணரித்தண்டு தன் தாங்கிகளைத் தொடுவதே இல்லை எனலாம். இடையில் மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய எண்ணெய்ப் போர்வை ஒன்று அதைத் தூக்கி நிறுத்துகிறது. ஆடுதண்டின் வளையங்களும், அது திரும்பும் இரு முனைகளில்தான் உருளைச் சுவரை நெருங்கி உரசுகின்றன.

இவ்வெண்ணெய்ப் போர்வை எப்போது உருவாகிறது என்பதைச் செருமானியப் பொறியாளர் இரிச்சர்டு சுட்ரிபெக்கு 1902ஆம் ஆண்டில் அளந்து காட்டினார். ஓய்விலிருந்து சுழலத் தொடங்கும் தண்டு மூன்று நிலைகளைக் கடக்கிறது. உலோகம் எனப்படும் மாழையும் மாழையும் உரசும் தொடுநிலை முதலது. எண்ணெய் ஓரளவு புகுந்த கலப்புநிலை அடுத்தது. விரைவு கூடியதும் தண்டு எண்ணெயின்மேல் முழுதும் எழுந்துவிடும் மிதப்புநிலை இறுதியானது. உராய்வின் பெரும்பகுதியும் தேய்வின் பெரும்பகுதியும் முதல் இரு நிலைகளிலேயே நிகழ்கின்றன. இரவெல்லாம் நின்ற ஊர்தியில் எண்ணெய் கீழே வடிந்திருக்க, காலையில் திறவுகோலைத் திருப்பிய முதல் நொடிகளில் பொறி படும் துன்பம், சீராக நெடுஞ்சாலையில் ஓடும் பல கிலோமீட்டரில் படாத துன்பம். கார்டன் பணியிலிருந்த ஆண்டுகளில் நாள்தோறும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஊர்தியிலேயே பள்ளிக்குப் போய்வந்தவர். அவர் பொறி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மிதந்தே கழித்தது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே 2 கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் ஊர்தியோ தொடுநிலையிலேயே வாழ்ந்து தேய்கிறது. சாலையில் ஒன்றென எண்ணப்படும் கிலோமீட்டர், பொறிக்குள் ஒன்றாக இருப்பதில்லை.

உராய்வையும் தேய்வையும் ஆராயும் இத்துறைக்கு 1966ஆம் ஆண்டில், பீட்டர் யோசுட்டு என்பவர் தலைமையில் பிரித்தானிய அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையில்தான் முதன்முதலாகப் பெயர் சூட்டப்பட்டது. தேய்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து அவர்கள் அதை ஆக்கிக்கொண்டனர். நாம் உராய்வியல் என்கிறோம். கிரேக்கம் கல்லாத சிறுவனுக்கும் அச்சொல் கேட்டவுடன் விளங்கும். எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்பதும் என் கருத்தன்று. கல்லிலிருந்து வரும் நெய்யைக் கன்னெய் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. டீசல் என்பதோ உருடோல்பு டீசல் என்னும் செருமானியப் பொறியாளரின் பெயர், அதை அவருக்கே விட்டுவைப்பது அறம்.

இரண்டாவது இறுதல். கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. மீளமீள வளைத்து நிமிர்த்தினால் ஒடிகிறது. ஒரு முறை தாங்கிய சுமையே ஆயினும், அது பல்லாயிரம் முறை ஏறி இறங்கும்போது மாழையின் உள்ளே கண்ணுக்குப் புலனாகா வெடிப்பொன்று பிறந்து, சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி உறுப்பு முறிகிறது. இதனை மாழையயர்வு என்பது தகும். 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டியின் இழுபொறி அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சுகள் ஏன் இவ்வாறு முறிகின்றன என்னும் கேள்வியை அடுத்த தலைமுறையில் ஆகசுட்டு வோலர் என்னும் செருமானியப் பொறியாளர் எடுத்துக்கொண்டு, 1870 வரை ஆண்டுக்கணக்காக அச்சுகளைச் சுழற்றியும் வளைத்தும் ஆய்ந்தார். சுமை மிகுந்தால் தாங்கும் சுற்றுகள் குறையும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. எஃகுக்கு ஓர் அயர்வெல்லை உண்டு, அதற்குக் கீழ்ப்பட்ட சுமையை எத்துணை முறை ஏற்றினாலும் அது அயர்வதில்லை என்பது மற்றொன்று. செவ்வையாக வடிவமைத்த வணரித்தண்டு அவ்வெல்லைக்குக் கீழேயே பணிசெய்கிறது. ஆகவே தொலைவு அதனை முறிப்பதில்லை. பள்ளங்களில் விரைந்து இறங்கும்போது சில்லைத் தாங்கும் கைகளும் சுருள்வில்லும் அவ்வெல்லையைத் தாண்டிய அடியை வாங்குகின்றன. அவ்வடிகளைத் தொலைவளவி எண்ணுவதில்லை.

மூன்றாவதாகிய துருவேறுதலுக்குத் தொலைவே தெரியாது. ஓடாமல் கொட்டகையில் நிற்கும் ஊர்தியையும் அது தின்னும். நீரும் உயிர்வளியும் இரும்பைச் சேர்ந்தால், இரும்பு தன் மின்னணுக்களை இழந்து துருவாகிறது. நீரில் உப்புக் கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகி, அரிப்பு விரைவுபெறுகிறது. நான் வாழும் தூத்துக்குடியில் உப்பளங்களைத் தடவிவரும் காற்று எந்நேரமும் அவ்வுப்பைச் சுமந்தே வருகிறது. வேறு சில மாழைகளின் மேல் படியும் ஏடு உள்ளிருப்பதைக் காக்கும்; துருவோ காப்பதில்லை. இழந்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துப் பருத்து, மேற்பூச்சை உப்பவைத்து உரித்து, மடித்து ஒட்டிய தகடுகளின் விளிம்பைப் பிளந்து, தனக்கு உணவாகும் புதுப்பரப்பைத் தானே திறந்துகொள்கிறது. நான்காவதாகிய இறுகுதல் மீள்மத்தின் மூப்பு. இரப்பர் எனப்படும் மீள்மம் வெப்பத்தாலும் வெயிலாலும் தன் நெகிழ்வை இழந்து வெடிக்கிறது. குழாய்கள் கசிவதும், பொறியைத் தாங்கும் மெத்தைகள் நடுங்குவதும் இதனால். இது ஆண்டுகளை எண்ணும் மூப்பு, செலவும் சிறிதே.

இவ்வாறு பகுத்தபின் ஓர் ஒழுங்கு தானாகவே தோன்றுகிறது. தேய்வு உரசலை எண்ணுகிறது, அயர்வு அடியை எண்ணுகிறது, துருவும் இறுக்கமும் ஆண்டையும் காற்றையும் எண்ணுகின்றன. ஒரே கூட்டில் நான்கு கடிகைகள் நான்கு விரைவில் ஓடுகின்றன. ஆகவே ஊர்தி முழுதுக்கும் ஓர் அகவை சொல்வது பொருந்தாது. உறுப்புக்கு உறுப்பு அகவை காணவேண்டும். கண்டபின் உறுப்புகளை இரண்டாகப் பிரிக்கவேண்டும். பொறி, பல்லிணைப்பெட்டி, கிளட்சு எனப்படும் விடுபற்றி, நிறுத்திகள், அதிர்வடக்கிகள், வெப்பந்தணிப்பி ஆகிய யாவும் திருகு கழற்றி வேறொன்று பொருத்தத்தக்கவை. இவை அனைத்தையும் தாங்கும் உடற்கூடு அத்தகையதன்று. இன்றைய மகிழுந்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடும் ஓரவிட்டங்களும் தூண்களும் கூரையும் ஒன்றாக ஒட்டப்பட்டு, உடலே எலும்பாக நிற்கிறது. மாற்றத்தக்க உறுப்பின் மூப்பு செலவைப் பற்றிய கேள்வி. மாற்றவியலாக் கூட்டின் மூப்பு வாழ்நாளைப் பற்றிய கேள்வி. நம்மவர் பொறியின் ஓசையைக் கேட்டுக் கலங்குகிறார்கள். கூட்டின் அடியில் குனிந்து பார்ப்பவர் அரியர்.

பொறியைப் பற்றிய அச்சத்துக்கும் அளவுகோல் உண்டு. பிளக்கு எனப்படும் எரிபொறிக் குமிழைக் கழற்றி அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பொறியைச் சுழற்றினால், ஒவ்வோர் உருளையும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்பது தெரியும். நலமுள்ள கன்னெய்ப் பொறியில் அது வெளியழுத்தத்தைப்போல ஏறத்தாழ 10 முதல் 13 மடங்கு வரை இருக்கும். எண்ணின் பெருமையைவிட, உருளைகள் தமக்குள் ஒத்திருப்பதே இன்றியமையாதது. ஓர் உருளை தாழ்ந்திருந்தால், அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால், எண்ணெய் வளையங்களின் இடைவெளியை அடைத்தது என்று பொருள். வளையமோ சுவரோ தேய்ந்திருக்கிறது, பொறியைப் பிரித்தாகவேண்டும். உயராவிட்டால், காற்று மேலே ஓரதர் வழியாகக் கசிகிறது. வால்வு எனப்படும் அவ்வோரதரின் இருக்கையைத் தேய்த்துச் சீராக்கினால் பெரும்பாலும் போதும். அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருங்கே தாழ்ந்திருந்தால், அவற்றினிடையே உள்ள அடைப்புத்தகடு வெடித்திருக்கும். ஓர் அழுத்தமானியும் ஒரு கரண்டி எண்ணெயும் மூன்று நோய்களை வேறுபிரித்துக் காட்டும் இவ்வாய்வை, நாடி பார்க்கும் நம் மருத்துவ முறைக்கு நிகரான நுட்பமாகவே நான் மதிக்கிறேன். புகையும் பேசும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிநெய் மிகுவதையும், நீங்காத வெண்புகை குளிர்நீர் உள்ளே புகுவதையும் சொல்லும்.

நோய் தெரிந்தபின் செலவு. இங்கே பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில். “சென்ற ஆண்டுதான் 40,000 உருபா போட்டேன், இப்போது எப்படி விடுவது?” என்கிறார்கள். சென்ற ஆண்டு போட்டது போன பணம். வண்டியை வைத்துக்கொண்டாலும் விட்டாலும் அது திரும்பப்போவதில்லை, ஆகவே இன்றைய முடிவில் அதற்கு இடமில்லை. ஊர்தியின் விற்பனை விலையோடு செப்பச் செலவை ஒப்பிடுவதும் முழுமையான கணக்கன்று. காப்பீட்டுத் துறை அவ்வாறு ஒப்பிடுகிறது என்பது உண்மை: ஊர்தியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைச் செப்பச் செலவு மிஞ்சினால், அது முழு இழப்பாகக் கொள்ளப்படும். அது இழப்பீடு வழங்குவோரின் நெறி. உடைமையாளருக்குரிய நெறி வேறு: பழைய ஊர்தி அடுத்த ஓராண்டில் கேட்கும் செலவை, புதிய ஊர்தி தன் வாழ்நாள் முழுதும் கேட்கும் செலவின் ஆண்டுப்பங்கோடு ஒப்பிடவேண்டும்.

எடுத்துக்காட்டாக, 8,00,000 உருபாவுக்கு வாங்கும் ஊர்தியைப் பத்தாண்டு ஓட்டி 1,50,000 உருபாவுக்கு விற்பதாகக் கொள்வோம். விலையிழப்பு மட்டும் ஆண்டுக்கு 65,000. செப்பமும் கூடுதல் காப்பீடும் 25,000 என்றால் ஆண்டுப்பங்கு 90,000. முடங்கிய பணத்தின் வட்டி இதற்கு மேல். பழைய ஊர்திக்கு வரும் ஆண்டில் 60,000 உருபாச் செப்பமும் 10,000 உருபா விலைக்குறைவும் நேருமென்றால், அது இன்னும் ஓராண்டு தன்னைத்தானே ஈடுசெய்துகொள்கிறது. அந்தச் செப்பம் நான்காண்டு தாங்கும் என்றால் கணக்கு இன்னும் தெளிவு. வண்டியின் சந்தை விலை 80,000 தானே என்பது இதில் நுழைவதே இல்லை.

இத்தகைய முடிவைத் தொழிலாகவே எடுத்துவந்த ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்து மாடிசன் நகரில், நகரப் பேருந்துகளின் செப்பப்பணிக்குத் தலைவராக இருந்தவர் எரால்டு சர்ச்சர். ஒவ்வொரு பேருந்தின் பொறியையும் இப்போதே மாற்றுவதா, இன்னும் ஒரு திங்கள் ஓடவிடுவதா என்று திங்கள்தோறும் தீர்மானிப்பது அவர் தொழில். பத்தாண்டுக் காலம் அவர் எடுத்த முடிவுகளின் பதிவை ஆராய்ந்த சான் இரசுட்டு என்னும் பொருளியலறிஞர், 1987ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாய்பாடு எதுவும் கையில் இல்லாமல் பட்டறிவால் நடந்த அம்மேற்பார்வையாளரின் முடிவுகள், எதிர்காலச் செலவுகளையெல்லாம் நிறுத்துப் பார்க்கும் கடினமான கணக்கின் விடையோடு பொருந்தி நின்றன என்பதே அதில் அவர் காட்டியது. அக்கணக்கில் பழுதின் கூலி மட்டுமல்ல, நடுவழியில் எதிர்பாராமல் நின்றுபோவதால் விளையும் கேடும் ஒரு செலவாக எழுதப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய இல்லத்தார்க்கு அச்செலவு மிகப் பெரிது. அதைக் கணக்கில் சேர்ப்பது கோழைமையன்று.

செப்பத்தால் பெற முடியாதவையும் உண்டு. சில்லுகள் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் பூட்டாநிறுத்தி, 2019ஆம் ஆண்டு ஏப்பிரலிலிருந்துதான் இந்தியாவில் புதிதாக விற்கும் எல்லா மகிழுந்துகளுக்கும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய பல ஊர்திகளில் அதுவும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் ஓடும் ஊர்தியென்றால், கணக்குப் பழையதன் பக்கம் சாய்ந்தாலும் இதை நான் எதிர்த்தட்டில் வைப்பேன். சட்டமும் ஒரு கட்டத்தில் கேள்வியை நம் கையில் கொடுக்கிறது. தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுக்குரியது. பின்னர் தகுதியாய்வு செய்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டவேண்டும். அதற்கான கட்டணம் 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் 600 உருபாவிலிருந்து 5,000 உருபாவாக உயர்த்தப்பட்டது.

என் மகிழுந்து 2010ஆம் ஆண்டில் வாங்கியது. பதினைந்தாம் ஆண்டு நிறைந்தபோது தொலைவளவி 2,14,000 காட்டியது. ஊர்தி நின்றபடி ஓடும்போது பொறி மூன்று கால் கொண்ட விலங்குபோல் நொண்டியது. ஒரு பட்டறையில் பொறி முடிந்தது, முழுதும் புதுக்க 70,000 உருபா ஆகும் என்றார்கள். நான் துறைமுகச் சாலைப் பக்கம் முப்பதாண்டாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் அழுத்தமானியை எடுத்தார். உருளைகள் வரிசையில் 12, 12, 8, 12 என்றன. மூன்றாவதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளந்தார், 8 அசையவில்லை. ஓரதர் மட்டுமே நோயுற்றிருந்தது. எனக்கு உண்டான மகிழ்ச்சியை அவர் பகிர்ந்துகொள்ளவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, “இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல ஐயா. நீங்க கீழ வந்து இதப் பாருங்க” என்றார்.

இடப்பக்க ஓரவிட்டத்தில், தூக்கி வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால், அவர் திருகுளியின் முனையை வைத்து அழுத்தினார். அது தாளுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. மேற்பூச்சு அங்கே ஒரு குமிழும் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. முன்பக்க அதிர்வடக்கி ஏறி நிற்கும் கிண்ணத்தின் மடிப்பிலும் அதே நிலை. அவ்விடத்தில் தகடு ஒட்டிக் கொடுப்பவர் இருக்கிறார்கள், தான் செய்வதில்லை என்றார். பதினைந்தாண்டு உப்புக்காற்று, 2,14,000 கிலோமீட்டர் செய்யாததைச் செய்து முடித்திருந்தது. நான் கணக்குத்தாளை எடுத்துச் சென்றிருந்தேன். அதைத் திறக்கவேண்டிய தேவை எழவில்லை.

அதே வகை ஊர்தி ஒன்று தேனியிலிருந்து அவர் பட்டறைக்கு வந்து திங்கள் பல ஆகியிருந்தது. எண்ணெய் வற்றியது தெரியாமல் ஓட்டியதில் அதன் வணரித்தண்டு தாங்கியோடு இறுகிப்போயிருந்தது. கூடோ மலையடிவாரக் காற்றில் துரு காணாமல் இருந்தது. என் வண்டியின் பதிவை நீக்குவதற்கான தாள்கள் முடிந்தபின், அதன் பொறியை இறக்கி, மூன்றாம் உருளையின் ஓரதர் இருக்கையைத் தேய்த்துச் சீராக்கி, தேனி ஊர்தியில் ஏற்றினார் அண்ணாச்சி. பொறியெண் மாறியதையும் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிந்துகொண்டார்கள். அவ்வூர்தியின் உடைமையாளர் அதை எடுத்துச்செல்ல வந்த நாளில் நானும் அங்கிருந்தேன். கொடுப்பதற்கு முன் அண்ணாச்சி மீண்டும் ஒருமுறை அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். மூன்றாவது உருளையும் 12 என்றது.